வேப்பங்கொட்டைக்குப் பில் இல்லை

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடையை மறந்தேன். சமயநல்லூர் ஸ்டாப்பிலிருந்து மில் வரை நனைந்தபடியே. இடது கடைவாய்ப் பல் மறுபடி. கிராம்பு வைத்ததில் நாக்கு மரத்ததுதான் மிச்சம், வலி அப்படியே.

போனதும் முதலாளி உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே தலையில் எதையோ இறக்கப் போகிறார் என்று அர்த்தம். இறக்கினார். ஆர்கானிக் சான்றிதழ் விதிகளை இறுக்கிவிட்டார்களாம். முன்பு காட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். இனிமேல் காடு, சாக்கு, லாரி, குடோன், மில், கவர் ஒட்டுகிற இடம், கடைசியில் விற்கிற கடை வரைக்கும் ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகச் சான்று. நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் அது ஆர்கானிக் உளுந்து கிடையாது, வெறும் உளுந்து.

எனக்கு வந்து சேர்ந்தவை:

– மில்லுக்கு உளுந்து போடும் விவசாயிகள் குழுவில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் பட்டா (பாதிப் பேருக்குப் பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்)
– ஒவ்வொரு காட்டையும் போனும் கையுமாகச் சுற்றி நடந்து வரைபடம் ஏற்றுவது
– ஓடிபி விவசாயி போனுக்கு வரும் (அந்தப் போன் திருப்பூரில் மகன் பையில்)
– லாரி கழுவியதற்குப் போட்டோ
– குடோனில் கொசுவர்த்தி கூடாது. வாட்ச்மேனிடம் இதை யார் சொல்வது? நான்தான்
– பல் டாக்டர்

கடைசி வரி முதலாளி சொன்னதில்லை.

18ஆம் தேதி வெளி ஆய்வாளர் வருகிறார். தை அறுவடைக்கு முன் புதுச் சான்றிதழ் வராவிட்டால் கல்லுப்பட்டிக் குழுவின் மொத்த உளுந்தும் கமிஷன் கடைக்குத்தான். எனக்கு ‘உள் ஆய்வாளர்’ என்று பெயர். சம்பளம் மில்லில், வேலை காட்டில், திட்டு இரண்டு இடத்திலும்.

நவம்பர் 12, புதன்

கல்லுப்பட்டி. திருமங்கலத்தில் பஸ் மாறி, நின்று, நசுங்கி. பாண்டி அண்ணன் வீட்டுக் களத்தில் கூட்டம். குழுத் தலைவர் அவர்தான். எல்லாரும் வந்திருந்தார்கள். மழை ஓய்ந்திருந்ததால் பாதிப் பேருக்குக் களையெடுக்கப் போகும் அவசரம்.

புது விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. கத்தினாலாவது மேலே சொல்லலாம். இவர்கள் மழை வருமா வராதா என்று கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் படித்துப் படித்துச் சொன்னேன். ஆய்வாளர் முன்னால் ‘மருந்து’ என்ற சொல்லை வாயிலேயே எடுக்காதீர்கள். நம் ஊரில் எதைத்தான் மருந்து என்று சொல்லவில்லை? இருமலுக்குக் குடிப்பது மருந்து. கிணறு வெட்டப் பாறையில் வைப்பது மருந்து. புருஷனை மயக்கச் சோற்றில் வைத்துவிட்டாள் என்று பேசுவார்களே, அதுவும் மருந்து. கடையில் பாட்டிலில் விற்கிற விஷம் மருந்து. வேப்பங்கொட்டையை இடித்து ஊறப்போட்டு வடிகட்டித் தெளிப்பதும் மருந்து. அந்தக் கடைசியை மட்டும் இனி ‘கரைசல்’ என்று சொல்லிப் பழகுங்கள் என்றேன்.

தவமணி அக்கா சிரித்துவிட்டாள்.

“கரைசல்னா செவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரில்ல இருக்கு தாயி. பூச்சிக்கு அடிச்சா அது மருந்துதான?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பல் வலியோடு சிரிக்க முடிந்தது அவளால்தான்.

அக்காதான் குழுவின் முதல் ஆள். குழு என்று ஒன்று வருவதற்கு முன்பே அவள் காட்டில் விஷம் கிடையாது. இயற்கை விவசாயம், பாரம்பரியம், அந்தப் பேச்செல்லாம் அவளிடம் இல்லை. பருத்தி பொய்த்த ஒரு வருஷம் வீட்டுக்காரர் அந்தப் பாட்டிலைக் குடித்துச் செத்துப்போனார். அதற்குப் பிறகு அவள் வாசலுக்குள் ஒரு பாட்டில் நுழைந்ததில்லை, அவ்வளவுதான். எங்கள் மில் உளுந்துக் கவரில் முறத்தோடு சிரிக்கிற முகம் அவளுடையது. ‘நஞ்சில்லா உளுந்து’ என்று பச்சை எழுத்து, கீழே அக்காவின் பல்.

வீட்டுக்கு வந்தால் காஸ் தீர்ந்திருக்கிறது. இவர் ஹோட்டல் இட்லி வாங்கி வந்திருந்தார். மாவு புளிப்பு.

நவம்பர் 15, சனி

வெயில். வரைபட வேலை. போனைக் கையில் ஏந்திக்கொண்டு வரப்பு வரப்பாகச் சுற்றினேன். ஈரக் கரிசல், ஒவ்வொரு அடிக்கும் செருப்போடு ஒரு செங்கல் ஏறிக்கொள்கிறது. மூன்றாவது மூலைக்குப் போகும்போது சிக்னல் போய்விடும். திரும்ப முதலிலிருந்து.

தவமணி அக்கா காடு குழுக் காடுகளுக்கு நட்டநடுவில். தெற்கே பாண்டி அண்ணன் காடு. இருவரும் பங்காளி வீடு. அண்ணன் அவளை மதினி என்று கூப்பிடுவார். வரப்பைச் சுற்றி எல்லாருக்கும் ஆமணக்கு வேலி வைக்கச் சொல்லியிருக்கிறோம், பக்கத்துக் காட்டு விஷம் காற்றில் வந்து விழாமலிருக்க. அக்கா காடு இருக்கிற தைரியத்தில் அண்ணன் வடக்கு வரப்பில் மட்டும் வேலி வைக்கவில்லை. படிவத்தில் நான் எழுதியது: வடக்கு எல்லை, ஆபத்து இல்லை.

அக்கா வேப்பங்கொட்டை இடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தெளிப்பு. காளி கோயில் மரத்தடியில் ஆடியில் பொறுக்கி வைத்தது. கசப்பு நாற்றம் முந்தானையில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸிலும் கூடவே வந்தது.

சான்றிதழ்ச் செயலியில் ஒரு கட்டம். இடுபொருள் எங்கே வாங்கியது, பில் எண் என்ன? ‘சொந்தம்’ என்று போட்டேன். ஏற்கவில்லை. ‘காளி கோயில்’ என்று போட்டேன். சிவப்பாகிவிட்டது. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கிறது. காலியாகவே விட்டேன்.

“வேப்பங்கொட்டைக்கு யாரு தாயி பில்லு குடுப்பா? காளியாத்தாளா?” என்றாள் அக்கா.

நவம்பர் 18, செவ்வாய்

மழை இல்லை. வாடை. ஆய்வு நாள்.

ஆய்வாளர் வடக்கே எங்கிருந்தோ. முப்பது வயதுக்குள். மரியாதையான பிள்ளை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வந்ததும் தமிழில் வணக்கம் சொன்னார். நம் பக்கம் இரண்டு வருஷமாக வேலையாம், தமிழ் கொஞ்சம் வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இளநீர், முந்திரி, ஏ.சி. கார்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்கு. பட்டாச் சிக்கல் நாலு பேருக்கு, அவகாசம் கொடுத்தார். மதியத்துக்கு மேல் அக்கா காடு. நானும் பாண்டி அண்ணனும் தெற்கு வரப்பில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தோம். ஆய்வாளர் அக்காவிடம் நின்று பேசுவது தூரத்தில் தெரிந்தது. அவர் தோளில் டேங்க் தொங்குவது மாதிரி காட்டி, கையை ஆட்டி ஏதோ கேட்டார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். எழுதிக்கொண்டார். நான் போய்ச் சேர்வதற்குள் நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நடந்துவிட்டார்.

சாயங்காலம் களத்தில் முடிவுக் கூட்டம். ஆய்வாளர் ஆங்கிலத்தில் வாசித்தார். ஒரு உறுப்பினர், இந்தப் பருவத்தில் இரண்டு முறை பூச்சிக்கொல்லி தெளித்ததாகத் தன் வாயால் ஒப்புக்கொண்டார். பெயர், தவமணி.

தப்பாகக் காதில் விழுந்ததென்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவைக் கூப்பிட்டு, அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

“மருந்தடிப்பீங்களான்னாரு. அடிக்காம இருப்பமா, ரெண்டு வாட்டி அடிச்சாச்சு, பூ எடுக்கவும் ஒருக்கா அடிக்கணும்னேன். ஏன், என்னவாம்?”

விளக்கினேன். வேப்பங்கொட்டை, இடிப்பது, ஊறப்போடுவது. என் ஆங்கிலம் பி.எஸ்ஸி. தாவரவியலோடு நின்றது, இருந்தாலும் விட்டு விட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மேடம், நான் தமிழில்தான் கேட்டேன், அவர் தமிழில்தான் சொன்னார், எங்கள் ஊரிலும் விஷத்தை மருந்து என்றுதான் சொல்வோம், எனக்குப் புரிந்தது என்றார். எல்லா ஊர்க்காரனும் விஷத்துக்கு இந்த ஒரு பெயரைத்தான் வைத்திருக்கிறான் போல.

வேப்பங்கொட்டை என்றால் வாங்கிய பில்லைக் காட்டுங்கள் என்றார். பில் இல்லை. செயலியில் பதிவு? அந்தக் கட்டம் காலி.

அக்கா களத்து ஓரத்தில் நின்று எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 19, புதன்

பல் டாக்டரிடம் போகவில்லை. மில்லில் பஞ்சாயத்து.

லேபுக்கு இலை அனுப்பலாம், ஒன்றும் இல்லையென்று வந்துவிடும் என்றேன். முதலாளி ஏற்கெனவே விசாரித்திருந்தார். லேபில் ஒன்றுமில்லை என்று வந்தால் அடித்தது கரைந்துவிட்டது என்றும் சொல்லலாமாம். வாயால் ஒப்புக்கொண்டதற்குத்தான் கனம். மேல்முறையீடு செய்யலாம், வேறு ஆய்வாளர் திரும்ப வருவார், எப்போது என்று தெரியாது. அதுவரை குழு மொத்தமும் நிறுத்தத்தில். முன்பென்றால் ஒருவர் தப்பு ஒருவரோடு போகும். புது விதியில் ஒருவர் மேல் பழி விழுந்தாலும் குழு எப்படிக் கவனிக்காமல் விட்டது என்று எல்லாரையும் கேட்பார்கள்.

முதலாளி உளுந்து வாங்குகிற பெங்களூர்ப் பார்ட்டியிடம் பேசினார். அப்புறம் தன் அண்ணனோடு, அவர்கள் வீட்டு மொழியில். எனக்கு அது புரியாது. நடுநடுவே ‘சர்டிபிகேட்’ மட்டும் புரிந்தது. ஒரு தடவை ‘தவமணி’.

வாட்ச்மேன் கொசுவர்த்தியை விட்டுவிட்டாராம். கையெல்லாம் தடிப்பு. சட்டத்தை மதித்த ஒரே ஆள்.

நவம்பர் 24, திங்கள்

மெயில் வந்தது. பெரிய குறைபாடு ஒன்று. குழு திருத்த நடவடிக்கை எடுத்து ஆதாரம் அனுப்பினால் சான்றிதழ் பரிசீலிக்கப்படும். திருத்த நடவடிக்கை என்றால் என்ன என்று முதலாளியிடம் கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயால் சொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

“பாரும்மா, ஒரு ஆள எடுத்துட்டா மத்தவங்க எல்லாரும் பொழைப்பாங்க. அந்தம்மாவுக்கு நான் தனியா ஏதாச்சும் செஞ்சுக்கிர்றேன்.”

அவள் அடித்தது வேப்பங்கொட்டை சார், உங்களுக்கும் தெரியும் என்றேன். தெரியும்மா, தெரிஞ்சு என்ன பண்ண, பேப்பர்ல நிக்காதே என்றார். அவர் கெட்டவர் இல்லை. மில்லுக்குக் கடன், தொழிலாளிகள், பெங்களூர்க்காரன். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது.

நீக்கல் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். எழுத்துப்பிழை பார்த்ததும் நான்.

நவம்பர் 26, புதன்

கல்லுப்பட்டி. வெயிலும் இல்லை மழையும் இல்லை, புழுக்கம். குழுவின் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும். அக்காவைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் பாட்டிலைத் தொட மாட்டாள் என்று அந்தக் களத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போட்டார்கள். ஒருவர் பேனா எழுதவில்லை என்று உதறி உதறிப் பார்த்தார். வேறு பேனா கொடுத்தேன்.

பாண்டி அண்ணன் கடைசி. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டபின், “மதினிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிரு. எனக்குப் பக்கத்துக் காடு, வெடிஞ்சா மூஞ்சில முழிக்கணும்” என்றார்.

எனக்கு மட்டும் அவள் தூரத்து ஆளா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன், மனசுக்குள். பிறகு என்னை.

நவம்பர் 28, வெள்ளி

சொன்னேன்.

அக்கா காட்டில் இருந்தாள். உளுந்து நல்ல பூ. காயும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. மூன்றாவது தெளிப்புக்கு வேப்பங்கொட்டை குடத்தில் ஊறிக்கொண்டிருந்தது. கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னாள். நான் தட்டச்சு செய்ததை நானே வாசித்தேன். ‘தடைசெய்யப்பட்ட இடுபொருளைப் பயன்படுத்தியதால்’ என்ற இடத்தை வேகமாக வாசித்துத் தாண்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

குடத்தைப் பார்த்தாள். அழவில்லை. திட்டவில்லை.

“நான் மருந்தடிச்சேன்னு எழுதியிருக்கு?”

ஆமாம் அக்கா.

“இந்த ஊருல ஒரு வீடு விடாம அந்தப் பாட்டிலு கெடந்தப்ப, எவ வீட்டுல இல்ல? எவ காட்டுல இல்ல? எங்காட்டுலதான இல்ல. சரி, எழுதிட்டாங்கள்ல.”

அடுத்த வருஷம் திரும்பச் சேர்க்கலாம், முதலாளி அறுவடைக்கு ஏதாவது செய்வார் என்றெல்லாம் உளறினேன். எதற்குச் சொன்னேனோ. அவள் கேட்டது அறுவடையைப் பற்றி இல்லை. குடத்தை எடுத்து வேப்பங்கரைசலை வரப்பில் ஊற்றினாள், முழுக்க. கொழகொழவென்று ஓடி என் செருப்பு வரை வந்தது.

நடந்து வரும்போது ஒரே எண்ணம். இத்தனை பேருக்குத் தெரிந்த ஒரு உண்மையைச் சொல்ல ஒரு கட்டம் கிடைக்கவில்லையே.

பல் பிடுங்கியாகிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை, பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். டாக்டர் கேட்டது: “மருந்து ஏதாச்சும் ஒத்துக்காதா?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏனென்று புரிந்திருக்காது.

டிசம்பர் 2, செவ்வாய்

நாளை கார்த்திகை. விளக்கு தேய்க்கவில்லை, எண்ணெய் வாங்கவில்லை. பொரி மட்டும் இருக்கிறது.

சான்றிதழ் வந்துவிட்டது. முதலாளி எல்லாருக்கும் லட்டு. எனக்கு இரண்டு. பல் பிடுங்கியிருக்கிறேன் சார் என்று சொல்லித் தப்பித்தேன். பிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்தது வாட்ச்மேன்.

கவர் பற்றிக் கேட்டேன். அக்கா படம் போட்ட கவரை இனி எப்படி ஓட்டுவது? புதுசு அடிக்க வேண்டாமா?

“அடிச்சது குடோன்ல மலையா கெடக்கும்மா. தீர்ற வரைக்கும் ஓடட்டும். கவருல யாரு மூஞ்சின்னு எந்தச் சட்டத்துலயும் கேக்கல.”

உண்மைதான். லாரிக்குச் சான்று, சாக்குக்குச் சான்று. முகத்துக்குக் கேட்கவில்லை.

இன்று பேக்கிங்கில் நின்றேன். அக்கா வரிசையாகச் சிரித்தபடி பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 4, வியாழன்

சளி. லீவு. காஸ் வந்தது. இவர் கேட்டார், அப்படி மனசு கேட்கவில்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதானே என்று. விட்டுவிட்டு? வேறு மில்லில் வேறு தவமணிக்கு வேறு கடிதம். சண்டை. அவர் சாப்பிடாமல் படுத்தார், நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

காலையில் மூடாப்பு, நல்ல வாடைக்காற்று. மில்லில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். பாண்டி அண்ணன் போன். மகள் வீட்டுக்கு விருதுநகர் போயிருக்கிறார். குரல் சரியில்லை.

“வசந்தா, மதினி தி.மங்கலம் போயி மருந்து வாங்கிட்டு வந்துச்சாம். பஸ்ஸுல பாத்த ஆளு சொன்னான். நேரா காட்டுப் பக்கம் போச்சாம், ஒத்தையில. ஊர்ல ஒருத்தரும் போன எடுக்கல, எல்லாம் நூறு நாள் வேலைல நிக்கிறாக. எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு. நீ போறியா?”

அவர் அந்த இன்னொன்றைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்களில் ஒருவர் மருந்து வாங்கிக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போனார் என்றால், முதலில் மனசுக்கு வருவது பூச்சி இல்லை. அதுவும் அவள் வீட்டில்.

யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். அவளிடம் போன் கிடையாது. தி.மங்கலத்தில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடித்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என்னம்மா என்றார், மறுபடி கும்பிட்டேன். அவராகவே ஏறி எடுத்துவிட்டார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும். வழியெல்லாம் ஒரே வேண்டுதல், என்ன வேண்டினேன் என்றுகூடத் தெரியாது. கடிதத்தில் நான் போட்ட ஒரு காற்புள்ளிதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

கல்லுப்பட்டியில் இறங்கி ஆட்டோ. தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி ஓட்டம். கரிசல் அப்பி ஒரு செருப்பு போயிற்று. “அக்கா, அக்கா” என்று கத்திக்கொண்டே போனேன்.

அக்கா காட்டுக்கு நடுவில் நின்றிருந்தாள். முதுகில் டேங்க். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டியிருந்தாள். உளுந்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் மருந்து. நாற்றம் வரப்பு வரைக்கும் வந்தது. வேப்பங்கொட்டை நாற்றம் இல்லை அது.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவள் உயிரோடு நிற்கிறாளே என்ற அழுகையா, அவள் கையில் அது இருக்கிறதே என்ற அழுகையா, தெரியவில்லை. இரண்டுக்கும்தான்.

அவள் அந்த உழவுச் சால் முடியும் வரைக்கும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு வந்து, துண்டை இறக்கி, என்னைப் பார்த்தாள். எதற்கு ஓடிவந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“குடிச்சிருவேன்னு ஓடியாந்தியாக்கும். போ தாயி. ஒரு வீட்டுல ஒரு ஆளு குடிச்சது போதாதா?”

இதை வாசலிலேயே விடமாட்டேன் என்றீர்களே அக்கா என்றேன். அதைத்தான் கேட்க முடிந்தது.

“வாசல்ல விடல. கடையிலருந்து நேரா காட்டுக்குக் கொண்டாந்தேன். வெறும் பாட்டில இங்கயே பொதச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டாள்.

“மருந்தடிக்கிறவன்னு எழுதியாச்சு. அடிக்காமயே அந்தப் பேர எம்புட்டு நாளைக்குச் சொமக்க? இந்தா, இதுக்கு பில்லு இருக்கு. கேட்ட ஒடன குடுத்தான். ஒங்க ஆபீசுல காட்டு.”

அச்சடித்த பில். வரிசை எண், தேதி, கடை முத்திரை, எல்லாம் சரி. செயலி கேட்கிற அத்தனை கட்டத்துக்கும் அதில் பதில் இருந்தது.

அவள் திரும்பப் போய் அடிக்க ஆரம்பித்தாள். அடுத்த சால் தெற்கு ஓரம். வாடைக்காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. புகை மாதிரி எழும்பி, வேலியில்லாத வரப்பைத் தாண்டி, பாண்டி அண்ணன் உளுந்து மேல் போய் இறங்கியது. அண்ணன் காடு முழுச் சான்றிதழ்க் காடு. நிறுத்துங்கள் என்று சொல்லலாமென்று எழுந்தேன். அவளை நிறுத்தச் சொல்ல எனக்கு எந்த விதி இருக்கிறது? அவள் இப்போது எங்கள் ஆளே இல்லை. நாங்கள்தான் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பினோம்.

கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன், ஒற்றைச் செருப்போடு. நடந்ததைச் சொன்னேன். அக்கா நன்றாக இருக்கிறாளா என்று முதலில் கேட்டார். அதையும் எழுதிவைக்கிறேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். பாண்டி அண்ணன் காட்டின் வடக்கு எல்லை இனி ஆபத்து இல்லாதது இல்லை. அண்ணன் உளுந்தில் விழுந்துவிட்டது. படிவத்தில் பக்கத்துக் காட்டில் என்ன தெளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறது. நான் என்ன எழுத?

ஆபீஸ் கதவை அவர் சாத்துகிற சத்தம் கேட்டது.

“வேப்பங்கொட்டைன்னு எழுதிரும்மா.”

பில் கேட்டால் சார், என்றேன்.

“வேப்பங்கொட்டைக்கு ஏதும்மா பில்லு?”